பதிமூன்று வரட்டும்

உலகத்தில் ஓர் இனம் உண்டு. கையில் சரக்கு இருக்கும்; வாயில் 'பாஸ்' இருக்கும். சீட்டு மேசையில் மட்டும்தான் இவர்களைப் பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். டுரியான் கடையில் பழத்தைத் தட்டி, முகர்ந்து, காதருகே ஆட்டிப் பார்த்து, இன்னொன்றையும் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று கீழே வைத்த நொடியில் பக்கத்து ஆள் அதைத் தூக்கிக்கொண்டு போக, வெறும் விரலை முகர்ந்தபடி வீடு திரும்புகிறாரே, அவரும் இவரேதான். பதிமூன்றுக்காரர் என்று பெயர் வைப்போம்.

லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருக்கும் யோகேந்திரன் இந்த இனத்தின் கலப்பில்லாத வாரிசு. ஞாயிறு மாலை தோட்டத்துக் கிளப்பில் பிரிட்ஜ் சீட்டாட்டம். ஏஸுக்கு நாலு பாயிண்ட், ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்குக்கு ஒன்று. கூட்டிப் பதிமூன்று தேறினால் தாராளமாக ஏலத்தைத் திறக்கலாம்; பன்னிரண்டே வந்தாலும், ஒரே கலர் நீளமாக இருந்தால் துணிந்து திறப்பார்கள். யோகேந்திரனுக்கோ பன்னிரண்டு என்றால் பஞ்சம். கூட்டுவார், சீட்டை மூடுவார், விரிப்பார், மறுபடி கூட்டுவார். அதற்குள் எதிரே இருக்கும் தே ஓ, பால் விடாத தேநீர், ஆறிப்போகும். பிறகு கோயில் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பவர்போல் தொண்டையைக் கனைத்து, ஏலம் கேட்காமல் "பாஸ்" என்பார்.

இதற்கா இவ்வளவு கனைப்பு?

எதிரில் உட்கார்ந்து அவருக்கு ஜோடியாக ஆடுபவர் குமுதவல்லி டீச்சர். தோட்டத்துப் பள்ளியில் வேலை, தனி ஆள். யோகேந்திரனும் தனி ஆள். டீச்சரைத் தன்னைக் கட்டிக்கொள்ளும்படி கேட்க வேண்டும் என்ற ஆசை அவர் உயிரை வாங்கியது. ஆனால் அதற்கும் பாயிண்ட் பார்க்க வேண்டாமா? நிரந்தர வேலை, நாலு. குடி, புகை இல்லை, மூன்று. மோட்டார் சைக்கிளை விற்றுக் கார் வாங்கியது, இரண்டு. மீன் குழம்பு வைக்கத் தெரியும், இரண்டு. தலையில் மிச்சமிருக்கும் முடி, ஒன்று. முன்பக்கமாகப் பார்த்தால் அதுவும் சந்தேகம். மொத்தம் பன்னிரண்டு. சிரம்பானில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுச் சாவி கைக்கு வரட்டும், கேட்டுவிடலாம்.

சாவிக்கு முன்னால் டீச்சருக்குக் கோலா பிலாவுக்கு மாற்றல் வந்துவிட்டது.

அன்றுதான் டீச்சருக்கு அந்தக் கிளப்பில் கடைசி ஆட்டம். சீட்டைப் போட்டவர் யோகேந்திரன். முதலில் பேச வேண்டியவரும் அவரே. கையில் ஆர்ட்டின் சீட்டு மட்டும் ஆறு, அதில் ஏஸும் ராஜாவும். கூட்டினார். பன்னிரண்டு. "பாஸ்."

அடுத்து ஹேமநாதன். லோரி வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். கையில் என்ன இருக்கிறது என்று பார்க்குமுன்பே வாயைத் திறப்பவர். "ஒரு ஸ்பேட்!" ஜோடியிடம் ஒன்றுமில்லைபோல் என்று நினைத்து டீச்சர் பாஸ் சொன்னார். நாலாவது ஆளும் பாஸ். முறை மீண்டும் யோகேந்திரனிடமே வந்து நின்றது. 'இரண்டு ஆர்ட்டின்' என்பது அவர் நாக்கு நுனிவரை வந்து, அங்கேயே உட்கார்ந்து ஓய்வெடுத்தது. "பாஸ்." ஹேமநாதன் எட்டுப் பாயிண்டை வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தை அடித்துக்கொண்டு போனார்.

போன கையோடு கறிபாப் ஒன்றைக் கடித்தபடி சொன்னார்: "டீச்சர், எனக்குச் சுத்தி வளைச்சிப் பேசத் தெரியாதுலா. கோலா பிலாவுல வீடு இருக்கு, மழை பேஞ்சா ஒழுகும். ராத்திரி கொறட்டை வேற விடுவேன். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

டீச்சர் ஹேமநாதனைப் பார்க்கவில்லை. எதிரில் இருந்தவரைப் பார்த்தார். "கிராணி சார், நீங்க என்ன சொல்றீங்க?"

ஐயா, இதைவிட ஒரு மனிதனுக்கு எப்படி வாய்ப்புக் கொடுப்பது? யோகேந்திரன் தொண்டையைக் கனைத்தார். "நல்லா யோசிச்சி முடிவெடுங்க, டீச்சர்."

டீச்சர் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்துத் தட்டினார். "இப்ப ஆடுன கையில உங்களுக்கு எவ்வளோ இருந்துச்சி?"

"பன்னெண்டு."

"எனக்கும் பன்னெண்டுதான். நீங்க ஒரு வார்த்தை வாயத் தொறந்திருந்தீங்கன்னா, எல்லாத்தையும் உங்க பக்கம் வச்சிருப்பேன் சார்." பிறகு ஹேமநாதன் பக்கம் திரும்பினார். "ஒழுகுற எடத்துல மொதல்ல தகரம் மாத்துங்கலா."

ஹேமநாதனின் கல்யாணப் பத்திரிகை வந்த வாரமே சிரம்பான் வீட்டுச் சாவியும் வந்தது. புது வீட்டு வாசலில் நின்று யோகேந்திரன் கூட்டிப் பார்த்தார். வீட்டுக்கு மூன்று, மொத்தம் பதினைந்து! திறந்து வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாத கை. எதிர் நாற்காலியில்தான் ஆளில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் போனில் யாருக்கோ எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறீர்களே ஒரு வரி, அது இன்னும் எந்தப் பாயிண்டுக்காகக் காத்திருக்கிறது? இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்கிறீர்களா? சரி, உங்கள் இஷ்டம். அதற்கு முன்னால் விரலை மட்டும் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். டுரியான் வாசம் அடிக்கும்.