லென்சு சார் கேட்ட முடி

எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கிடுங்க. அஞ்சாவது வரைதான் படிச்சேன். ஞாபகமும் முன்ன மாதிரி இல்லை. ஆனால் லென்சு சாரைப் போல ஒரு மனுசர் கம்பம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் பஞ்சில் தூசி பொறுக்கினேன். சார் லேப்பில் மைக்ராஸ்கோப் பார்ப்பாக, அதான் லென்சுன்னு பேரு. வீரபாண்டித் திருவிழாவில் சாமி கும்பிட நின்றவுக, முன்னால் நின்றவர் துண்டில் ஒரு இழையை உருவி, "பருத்தின்னு சொல்லி ஒங்கள ஏமாத்திட்டான்யா!" என்று வரிசையையே நிப்பாட்டினாக. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக்கே கையை நீட்டினாக. அதிலிருந்து, "முகூர்த்தம் முடியட்டும், நேரா பந்திக்கு வாங்க"ன்னுதான் அவுகளைக் கூப்பிடுவாக.

ஒருநாள், விற்ற நூல் மில்லுக்கே திரும்பி வந்தது. உள்ளே கறுப்பு முடியாம். மேனேஜர் நேராக என்னிடம் வந்தார். அப்போது எனக்கு இடுப்புக்குக் கீழே சடை.

"இந்தச் சடைதான். நாளைலருந்து நீ வரவேணாம்மா."

என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

லென்சு சார் வந்தாக. "ஆத்தா, ஒரு முடி குடு." கொடுத்தேன். மேனேஜர் பக்கம் திரும்பி, "சார், ஒங்க மீசையில ஒண்ணு."

"என்னய்யா, வெளையாடுறியா?"

"எல்லா முடியும் பாக்கணும்ல." பிடுங்கியே விட்டாக.

பிறகு அந்தப் பஞ்சு விளைந்த காட்டுக்கே பைக்கில் போனாக. அங்கன உரத்துக்காக ஆட்டுக்கெடை போட்டிருந்த இடத்திலேயே பருத்தியைக் காயப்போட்டிருக்காக. ஆட்டிடம் முடி கேட்டால் கொடுக்குமா? முட்டி வாய்க்காலில் தள்ளிவிட்டது. சேறு வடிய, மூடின கைக்குள் ஆட்டு முடியோடு திரும்பி வந்தாக.

"மேனேஜருக்கு முன்னாடி நீ பாரு ஆத்தா."

பார்த்தேன். என் முடியில் மெல்லிய செதில், ஓடு வேய்ந்தாப்ல நெருக்க நெருக்கமா. நூலில் கிடந்த முடியில் செதில் அகல அகலமா. ஆட்டு முடியும் அச்சு அசல் அப்படியே. பக்கத்தில் பருத்தி இழை, முறுக்கின ரிப்பன் கணக்கா.

மேனேஜரும் குனிந்து பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டே, "அப்ப என் மீசை?" என்றார்.

"பயப்படாதீக சார், ஒங்களுதும் மனுச முடிதான்."

லேப்பே சிரித்தது. மறுநாள் சடையை முடிஞ்சு தொப்பிக்குள் தள்ளி, என் மேசைக்கே போய் உட்கார்ந்தேன். ஆட்டுக்கு மட்டும் வேலை போனதென்று மில்லெல்லாம் பேச்சு.

செதில் விவரமெல்லாம் ஒரு தடவை பார்த்ததை வைத்து எழுதியது. அந்த வேலை தெரிஞ்சவுக யாராச்சும் சரி பாருங்க. லென்சு சார் எங்க ஆளுங்கிறதை மட்டும் யாரும் சரி பார்க்க வேண்டாம்.