சோம்பேறி மாப்பிள்ளை நிரபராதி

அன்பும் அதட்டலும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு, தங்கள் சோம்பேறி மாப்பிள்ளை எழுதுவது. நான் நாற்காலியில் நலம். நீங்கள் நலம் என்று நீங்களே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதால் தனியாக விசாரிக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், போரிலிருந்து திரும்பிய நாள் முதல் எனக்கிருக்கும் மூட்டுவலி, மறதி, தலைச்சுற்றல் எதற்கும் எந்த மருத்துவராலும் பெயர் வைக்க முடியவில்லை அல்லவா? ஒருவர் சத்து மாத்திரை கொடுத்தார், ஒருவர் மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னார், இன்னொருவர் "எல்லாம் மனசுதாங்க, சந்தோஷமா இருங்க" என்று சொல்லிவிட்டு ரசீதை நீட்டினார். பெயர் வைத்தது நீங்கள் மட்டும்தான்: சோம்பல். போன வாரம், போருக்குப் போய்வந்தவர்களின் நோய்களை ஆராயும் நிலையத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து, பட்டாளத்துப் பட்டறையில் நம் இருவருக்கும் என்ன வேலை என்று கேட்டார். வண்டிச் சாமான்களில் கிரீஸ் போகக் கழுவினோம் என்றேன். எதில் கழுவினீர்கள் என்றார். தொட்டி நிறைய இருக்குமே, இனிப்பு வாசனைக் கரைப்பான், அதில்தான் என்றேன். "கையுறை போட்டீங்களா?" கையுறையா! சாப்பிடப் போகுமுன் கையையே அதில்தான் கழுவினோம், சட்டைக் காலரையும் அதில்தான் அலசினோம், மச்சான் காலரை அதிகாரியே மெச்சினார் என்று பெருமையாக அளந்துகொண்டே போனேன். அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அதற்கும் எங்கள் நோய்க்கும் தொடர்பு இருக்கலாமாம், இன்னும் உறுதியில்லையாம். எனக்கு அது போதும். "கேட்டியா, நான் சோம்பேறி இல்லையாம்!" என்று உங்கள் தங்கையிடம் வீடதிரக் கத்தினேன். கத்திய களைப்பில் சாயங்காலம்வரை படுத்துவிட்டது வேறு விஷயம்.

ஆனால் மச்சான், அதே தொட்டியில்தான் நீங்களும் கைவிட்டீர்கள். அந்த அம்மாளின் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வாருங்கள் என்றால், "எனக்கென்னய்யா, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறீர்கள். கல்லுக்குச் சட்டைப் பொத்தான் போட எதற்கு அக்கா வர வேண்டும்? எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருமுறை வந்து கையை நீட்டிவிட்டுப் போங்கள். ஊசி எறும்புக்கடிதான். நான் அலறியதாக உங்கள் தங்கை சொன்னால் நம்பாதீர்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு மட்டும் உத்தரவு.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உங்கள் தங்கை இதைப் பிடுங்கிப் படித்தாள். சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் நேத்தே ரத்தம் குடுத்தாச்சு. நான்தான் கூடப் போனேன். உங்களுக்குத் தெரிஞ்சா பயந்துடுவீங்கன்னு சொல்ல வேணாம்னாரு." உங்களுக்கும் இத்தனை வருடமாக இதே வலியாமே. தினமும் "எழுந்திருடா சோம்பேறி" என்று உங்களையே திட்டித்தான் படுக்கையை விட்டு எழுவீர்களாம். பலித்த வைத்தியமாயிற்றே என்று எனக்கும் அதையே கொடுத்தீர்களாம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். நாளைக் காலை யாரையும் திட்டாமல் படுத்திருங்கள், மச்சான். நான் கிளம்பி வருகிறேன்.