கை இரண்டும் ஸ்டீயரிங்கில்

பாசமுள்ள அத்தானுக்கு,

உங்கள் மச்சினன் மரியாதையோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே அக்காவின் முட்டிவலியும் உங்கள் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மூன்று வருடமாக நீங்கள் என் காரில் ஏறுவதில்லை. தப்பு என்னுடையதுதான். அன்று போலீஸ்காரர் கை காட்டியதும் வழக்கம்போல நான் வண்டிப் பேப்பர்கள் வைத்த பையோடு குதித்து அவரை நோக்கி ஓடினேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே நீட்டினால் திமிர் பிடித்தவன் என்று நினைப்பாரே, அந்த மரியாதைதான். அவரோ ஒருவன் பையோடு பாய்ந்து வருவதைப் பார்த்து மிரண்டு, பின்னால் நகர்ந்து சாக்கடையில் கால் வைத்துவிட்டார். கைபிரேக் போட மறந்த கார் உங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு உருண்டு, சிமெண்ட் கடைச் சுவரில் போய் நின்றது. "இனி இவன் வண்டியில ஏறினா என்னைச் செருப்பால அடி" என்று அக்காவிடம் சொன்னீர்களாம். நியாயமான பேச்சு.

ஆனால் அத்தான், இப்போது நான் அந்த ஆள் இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் பேக்கரி முதலாளி தன் வேன் ஓட்டுகிற எங்களையெல்லாம் போலீஸ் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். ஓட்டுநர்களுக்கும் புதிய போலீஸ்காரர்களுக்கும் ஒரே மைதானத்தில் பயிற்சி. வண்டியை நிறுத்துகிறவரும் நிற்கிறவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பயப்படக் கூடாது, அவ்வளவுதான் பாடம். ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, கை இரண்டையும் ஸ்டீயரிங்கில் வைத்து உட்கார்ந்தே இருக்க வேண்டும். எதை எடுப்பதானாலும் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். முதல் நாள் ஏழு முறை நிறுத்தினார்கள், ஏழு முறையும் குதித்து ஓடினேன். பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, "இவரை விட்டுடாதீங்க. சொல்லிக் குடுக்காமலே எல்லாத் தப்பையும் பண்றாரு" என்று சொல்லி, வாரம் இரண்டு நாள் ஒத்திகை ஓட்டுநராக வைத்துக்கொண்டார். அடி மேல் அடி அடித்து எனக்கும் புத்தி வந்தது. இப்போது வீட்டில் "உப்பு டப்பாவை எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறேன். "எடுத்துத் தொலைங்களேன்" என்கிறாள் என் மனைவி.

அதே பள்ளியில்தான் என் இளைய மகள், நம் சின்னவளும் போலீஸ் பயிற்சியில் இருக்கிறாள். மற்றதெல்லாம் தேறிவிட்டாள், வண்டி நிறுத்தும் பரீட்சையில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டாள். காரணம் இரக்கம். முதல் முறை ஓட்டுநர் முகத்தைத் தொங்கப் போட்டார், "சரி, போங்க" என்று விட்டுவிட்டாள். இரண்டாம் முறை அவளே மன்னிப்புக் கேட்டாளாம். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, அவளுக்கும் எனக்கும்.

சீட்டுக் குலுக்கினார்கள். அவளுக்கு வந்த ஓட்டுநர் நான். "சார், சொந்த மக சார், ஆளை மாத்துங்க" என்று கெஞ்சினேன். "ரோட்டுல மாத்தித் தருவாங்களா?" என்றார் பயிற்சியாளர். எனக்குக் கொடுத்த வேடம், அவசரத்தில் கத்துகிற ஓட்டுநர். பெற்ற மனசை அடக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். அவள் அசரவில்லை. கதவுக்குச் சற்றுப் பின்னால் நின்று, வணக்கம் சொல்லி, தான் யார், எதற்கு நிறுத்தினாள் என்று குரல் உயராமல் சொல்லி, லைசென்ஸ் வாங்கிப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டாள். முழு மதிப்பெண்! அவள் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்துவிட்டது, கையை எடுக்கக் கூடாதென்று துடைக்காமலே அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் அணிவகுப்பு. காலை ஆறு மணிக்குக் காரோடு உங்கள் வாசலில் நிற்பேன். பழையதை மறந்து நம்பி ஏறுங்கள். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
திருந்திவிட்ட மச்சினன்

பின்குறிப்பு: உறையில் போடுமுன், ஒரு நாள் லீவில் வீட்டுக்கு வந்திருக்கிற சின்னவள் இதைப் படித்துவிட்டாள். "அப்பா, முக்கியமானதை விட்டுட்டீங்களே. நீங்களே எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்கிறாள். எழுதிவிடுகிறேன். பரீட்சைக்கென்று பள்ளியில் ஒரு போலி லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். பதற்றத்தில் என் சொந்த லைசென்ஸை நீட்டிவிட்டேன். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்துப் பயிற்சியாளர் பெயில் போடப் பேனாவை எடுத்துவிட்டார். அப்போது சொன்னாள்: "சார், உங்க லைசென்ஸ் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. நீங்க வண்டி ஓட்டக் கூடாது. இறங்குங்க சார்." யாரும் சொல்லாமலே முப்பது வருடம் குதித்தவன் அத்தான் நான், அன்று பெற்ற மகள் இறங்கச் சொல்லியும் கை ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை. அவளே கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கினாள். முழு மதிப்பெண் அதற்குத்தான். ஆகவே ஞாயிறு காலை வாசலில் நிற்க வேண்டாம், பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். எங்கள் நிறுத்தத்தில் நாங்களும் அதில்தான் ஏறுவோம். வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தினால் நான் இறங்கி ஓடாதபடி என் சட்டையைப் பிடித்துக்கொள்வதாக என் மனைவி உங்களிடம் சொல்லச் சொன்னாள்.