நெற்றிக்கண்ணாரின் சிவப்பு விளக்கு

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இந்தக் குறுவையில் பயிரைவிடச் சாமியார்தான் நன்றாக விளைந்தார். பெயர் நெற்றிக்கண்ணார். கையில் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி. பயிருக்கு நேரே நீட்டுவார். பச்சை விளக்கு எரிந்தால் வயல் சுகம். சிவப்பு எரிந்தால் கண்ணேறு. அவருடைய ரோஸ் நிறப் பிரசாதப் பொடியைத் தூவினால் சில நாளில் சிவப்பு பச்சையாகிவிடும். சாலை நெடுக கார்கள். வாய்க்காலில் தண்ணீர் கேட்டுப் போராடியபோதுகூட இவ்வளவு கூட்டம் கூடவில்லை.

விவசாயி மருதையன் வயலில் சிவப்பு எரிந்தது.

"பொம்பளை கண்ணு. தினமும் இந்த வரப்புல போறவ" என்றார் சாமியார்.

அவ்வளவுதான். அந்த வரப்பில் தினமும் நடப்பவள் அம்சம், கணவனை இழந்தவள். அவளை அதன் பிறகு எவரும் களையெடுக்கக் கூப்பிடவில்லை. அவள் வந்தால் பயிரை மறைத்துக்கொண்டு நின்றார்கள். பயிருக்கு வெட்கமாம். அவள் வீட்டு அடுப்பு அணைந்ததைக் காட்ட மட்டும் அந்தக் கருவியில் விளக்கு இல்லை.

அடுத்த பூசைக்கு அம்சத்தைக் கையோடு அழைத்து வந்தாள் எழில்மொழி. உள்ளூர்ப் பெண், விவசாயம் படித்தவள்.

"குப்பைக்குழி ஓரத்துல கோரை மண்டிக் கிடக்கு. அதைக் காட்டுங்க சாமி. அம்சம் அக்கா, நீங்க நல்லா முறைங்க."

சாமியார் சாக்குச் சொல்லி இழுத்தார். மருதையனே கருவியை வாங்கி, கரும்பச்சையாக வளர்ந்திருந்த கோரைக்கு நேரே நீட்டினார். அம்சம் இத்தனை நாள் கோபத்தையும் சேர்த்து முறைத்தாள். பச்சை எரிந்தது.

"இப்ப சாமி தொப்பைக்கு நேரா பிடிங்க."

சிவப்பு.

"பார்த்தியா, சாமி மேலயே இவ கண்ணு பட்டுடுச்சு" என்றார் மருதையன். நம் ஆட்கள் லேசில் விடுவார்களா?

"அக்கா, நீங்க திரும்பி நில்லுங்க."

அம்சம் திரும்பினாள். அப்போதும் சிவப்பு. மருதையன் தன் வயிற்றுக்கே பிடித்துப் பார்த்தார். அதுவும் சிவப்பு.

"இலையில பட்டுத் திரும்புற வெளிச்சத்தை அளக்குற மெஷினுங்க இது. இலை வெளுத்திருந்தா சிவப்பு காட்டும். பயிருக்குத் தழைச்சத்து பத்தலைன்னு அர்த்தம். உங்க வயித்துல இலையே இல்லை, அதான்."

எழில்மொழி பிரசாதப் பொடியைக் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாள். குங்குமம் உதிர்ந்தது. உள்ளே இருந்தது வெள்ளை யூரியாக் குருணை, அதே தழைச்சத்து உரம். சாமியார் அதற்குள் காரில் ஏறியிருந்தார்.

மருதையன் அம்சத்திடம் வந்தார். "நாளைக்குக் களையெடுக்க வந்துடு."

"வர்றேங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு வரணுமா, தொறந்துக்கிட்டு வரலாமா?"



வாசக ஐயா, இலையின் குறையைச் சொல்லக் கருவி வந்துவிட்டது. அதை நீட்டுகிறவன் யோக்கியனா என்று எந்தக் கருவியும் சொல்லாது. அதற்கு உங்கள் தலைக்குள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஒரு தடவையாவது போட்டுப் பாருங்கள்.