காசிக்குப் போகிற வழியில் ஓர் எண்ணெய்க் குளியல்

நனைந்த பெட்ரோல் வாடை மாதிரி என்னை அவமானப்படுத்தும் வாசனை வேறு இல்லை. மழைநாளில் யாராவது ஈர வண்டியை உதைத்து உதைத்துச் சலித்து நிற்பார்கள். அந்த வாடை எழுந்து வரும். உடனே என் முதுகில் நல்லெண்ணெய் வழிவது போலிருக்கும். பெட்ரோலுக்கும் நல்லெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் என் மாமனாரை அறியாதவர்கள்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன் (அதாவது, வேலை இல்லை). ஓரிடத்தில் உட்கார முடியாத உடம்பு எனக்கு. பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி வைத்திருந்தேன். அதில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு செங்கோட்டை, கொல்லம், கொச்சி, பம்பாய் என்று கடலோரமாகவே ஏறி, காசி வரை போய்வருவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்று எழுதுவது ஆண்பிள்ளை ஜம்பம். பம்பாயோடு நின்றுகொண்டிருந்த என் விரலைப் பிடித்து, தேசப்படத்தில் மேலே தள்ளியவள் கோமதி. "போறதுதான் போறோம், காசி வரைக்கும் போவமே." ஆரியங்காவுக்கு அப்பால் ஒரு மரத்தைக்கூடப் பார்த்திராதவள். கடலையே பார்த்ததில்லை.

மாமனாருக்குத் தென்காசி பஜாரில் இரும்புக்கடை. மகளை ஒரு கவிஞனுக்குக் கொடுத்த துக்கத்தை அவர் வெளியே காட்டிக்கொண்டதில்லை. அன்று மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"போயிட்டு வாங்க மாப்ளே, வேண்டாங்கல. முழுசாப் போயிட்டு வந்தா அப்புறம் உங்க இஷ்டம். எழுதுங்க, படிங்க, காத்துல பறங்க. பாதியில திரும்புனியன்னா வண்டிய வித்துட்டு நம்ம கடையில வந்து உக்காந்துரணும். சரிதானா?"

"சரி மாமா" என்றேன். ஆணி எடைபோட்டபடியே எனக்குத் தலை நரைப்பது கண்ணுக்குள் ஓடியது. கோமதிக்கும் கடைக்கு மேலே இருந்த மாடிதான் உலகமாகிப் போகும்.

நல்ல நேரம் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தெருவே கூடி எங்களை அனுப்பிவைத்தது. ஆனி மாதம். மேலகரம் தாண்டும்போதே சாரல் முகத்தில் பூவாகச் சிதறியது. மலை முழுக்க மேகம். மேகம் முழுக்க அருவிச் சத்தம். குற்றாலத்தைக் குளிக்காமல் கடப்பது எங்கள் பக்கத்து ஆட்களால் ஆகாது. கோர்ட்டுக்குப் போகிற வழியில்கூட ஒரு குளி போட்டுவிட்டுப் போகிற ஜனம். நாங்களும் குளித்தோம். குளித்து வந்து பார்த்தால், குங்குமப் பொட்டும் மாலையுமாக வண்டி மட்டும் ஒரு கூரைக்கடியில் தனியாக, காய்ந்து நிற்கிறது. எனக்குள் இருந்த கவிஞன் கண்கலங்கினான். காசி வரை நம்மைச் சுமக்கப் போகிற ஜீவன், இது மட்டும் குளிக்காமல் வருவதா? ஓடைக்கரைக்கு உருட்டிக்கொண்டு போய், கோயில் யானையைக் குளிப்பாட்டுவது போல வாளி வாளியாக ஊற்றி, அடிவயிற்றிலும் வீசி அடித்தேன்.

"ஏங்க, இதுக்குத் தண்ணி ஆவுமா?"

"மழையில ஓடுற வண்டிதானே கோமதி."

"மழை மேல இருந்துல்லா பெய்யும். நீங்க அடியில இருந்துல்லா அடிக்கிய."

(இந்த நாட்டில் பொறியியல் படிக்க வேண்டியவர்கள் எல்லாம் வாக்கப்பட்டுப் போய்விடுகிறார்கள்.)

வண்டி அப்புறம் கிளம்பவில்லை. தீப்பொறி தருகிற மாக்னெட்டோவுக்குள் தண்ணீர் புகுந்து கம்பிச்சுருள் கெட்டுவிட்டது. மதுரைக்கு அனுப்பித்தான் புதுக் கம்பி சுற்றி வாங்கவேண்டும் என்றார்கள். பாரத தேசத்தைச் சுற்றப் புறப்பட்டவர்கள், வீட்டிலிருந்து நடந்து வந்துவிடக்கூடிய தூரத்தில், ஒரு காப்பிக்கடைக்குப் பின்னால் அறையெடுத்து ஒளிந்துகொண்டோம். வீட்டுக்குப் போனால் இரும்புக்கடை. போகாவிட்டாலும் ஆபத்து. சாரல் காலத்தில் தென்காசி மொத்தமும் குற்றாலத்தில்தானே இருக்கும்.

சில நாள் அறைக்குள்ளேயே கிடந்தேன். பிறகு என் மூளை ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்தது: கோவணமும் எண்ணெயுமாக இருக்கையில் மனிதர்கள் எல்லாரும் ஒன்று, யாரையும் யாருக்கும் அடையாளம் தெரியாது. அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்க்கிற கற்பலகை ஒன்றில் தைரியமாகக் குப்புறப் படுத்தேன். எண்ணெய்க்காரர் முதுகில் தாளம் போட ஆரம்பித்தார். பக்கத்துப் பலகையில் யாரோ வந்து படுத்தார்கள். குரல் வந்தது.

"மெதுவாத் தேயும்வே. எம் மருமவன் ஊர்ல இல்ல, தெரியும்லா? காசிக்குப் போறான், மோட்டார் வண்டியில. இப்ப கொச்சி தாண்டியிருப்பான்."

"அப்படியா அண்ணாச்சி?"

"எம் மவளும் கூடப் போறா. நம்ம பஜார்ல எவனாவது பொட்டப்புள்ளையக் கடல் காட்டக் கூட்டிட்டுப் போயிருக்கானா? இவன் போறான்வே."

எனக்கு முன்னால் ஒரு நாளும் என்னைப் பற்றி அவர் இப்படிப் பேசியதில்லை. கேட்டுச் சந்தோஷப்படவும் முடியாத நிலையில் கிடந்தேன். அந்த நேரம் பார்த்து என் எண்ணெய்க்காரர் தொடையில் தட்டினார்.

"மல்லாந்து படுங்க."

"மதி, மதி" என்றேன், மூக்கைப் பலகையில் அழுத்தி, 'போதும்' என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மலையாளத்தில்.

"மலையாளத்து ஆளாவே நீரு?" மாமனார் உற்சாகமாகிவிட்டார். "எம் மருமவன் உங்க ஊர்ப் பக்கந்தான் வந்திருக்கான். ரோடெல்லாம் எப்படி, நல்லா இருக்கா?"

இதற்கு என்ன மலையாளம் என்று நான் யோசிக்கும்போது, ஈரத்தலையும் வாளியுமாக அந்த வழியே வந்த கோமதி, அப்பாவைக் கண்டதும் எல்லாவற்றையும் மறந்தாள்.

"எப்பா."

மாமனார் எழுந்து உட்கார்ந்தார். மகளைப் பார்த்தார். அப்புறம் என் முதுகைப் பார்த்தார்.

"திரும்பும்வே."

திரும்பினேன்.

"அண்ணாச்சிக்குத் தெரிஞ்சவுகளா?" என்றார் எண்ணெய்க்காரர்.

"ஆமா" என்றார் மாமனார். "கொச்சியில இருந்து வந்திருக்காக."

நடந்ததைச் சொன்னேன். நாளைக்கே வண்டியை விற்றுவிட்டுக் கடைக்கு வந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். எண்ணெய் சொட்டச் சொட்ட அவர் என்னை முறைத்தார்.

"கடைக்கா? கொச்சி தாண்டியாச்சுன்னு பஜார் பூராச் சொல்லி வச்சிருக்கேன். இப்ப நீங்க வந்து கடையில உக்காந்தா எம் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க? தென்காசிப் பக்கம் தலையக் காட்டிராதிய."

மறுநாள் மாக்னெட்டோவைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறியவர் அவர்தான்.

நாங்கள் காசி வரை போனோம், திரும்பியும் வந்தோம். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது 'இதோ கிளம்பிட்டேன்' என்று சொல்லிவிட்டுக் குளியலறையில் நின்றால், வெளியிலிருந்து ஒரு குரல் வரும்: "என்ன, கொச்சி தாண்டியாச்சா?" என் பேத்திக்குக் கொச்சி என்று ஓர் ஊர் இருப்பதே பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது.

ஆனால் எனக்கு அந்தக் காலைதான் திரும்பத் திரும்ப வருகிறது. மாக்னெட்டோ பூட்டி, வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. செங்கோட்டை ரோட்டின் முனையில், குடையில்லாமல் மாமனார். பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு கோமதியிடம் மெல்லச் சொன்னார்.

"ஏட்டி, பாதியில வரணும்னு தோணிச்சுன்னா வந்துருங்க. நான் சும்மா சொன்னது அது."

கோமதி தன் முந்தானையால் அவர் தலையைத் துடைத்துவிட்டாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்கப்பா. நனையுதிய."