நீலத் தட்டு

படிவத்தைத் தவறான தட்டில் போட்டுவிட்டோம் என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு உறைத்தபோது, அவர் பாதி வழி வந்திருந்தார். மூச்சிரைக்கப் பயிற்சி நடந்த அலுவலகத்துக்குத் திரும்பி ஓடினார். தட்டு காலி.

தடம் மாறிப்போகக்கூடிய பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சம்பளமில்லாமல் கைகொடுக்கும் தொண்டு அமைப்பு அது. பகலெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்கும் நம் ஆள், அதில் தொண்டராகச் சேர நாலு வாரமாகப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. அடையாள அட்டைக்குப் படம்கூட எடுத்தாகிவிட்டது.

கடைசி வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டிய கேள்விகள். முதலில் அவரவர் வீட்டைப் பற்றி உண்மையாக எழுதிப் பழகிவிட்டுப் பச்சைத் தட்டில் போட வேண்டும். நீலத் தட்டு, உதவி தேவைப்படும் குடும்பங்களுக்கு. ஊருக்கே பார்வையைச் சரிசெய்கிறவர், நீலத்தில் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

எழுதியதையாவது பார்த்து எழுதியிருக்கலாம்.

'வீட்டில் சத்தம் போடுபவர் யார்?' நான். யாரும் காதில் வாங்குவதில்லை.

'பிள்ளையிடம் கடைசியாக மன்னிப்புக் கேட்டது எப்போது?' நேற்று. அதற்கு முந்தின நாளும்.

'கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்?' குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். யாருக்கு முதலில் அவசரமோ அவர் வந்து சமாதானம் பேசுவார்.

மறுநாள் அமைப்பிலிருந்து நர்ஸம்மா போன் செய்தார். ஆஸ்பத்திரி வேலை போக மீதி நேரமெல்லாம் அவருக்கு இங்கேதான்.

"சார், உங்க படிவத்தைப் படிச்சோம். ஆபீஸ்ல எல்லாருமே படிச்சோம்."

"அய்யோ, எல்லாருமா?"

"சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வர்றோம். பையனும் இருக்கட்டும்."

"எதுக்கும்மா?"

"நேர்ல சொல்றோம்."

தொண்டர் வேலை போனதுகூடப் பெரிதில்லை. 'பிள்ளை வளர்க்கத் தெரியாதவன்' என்று எழுதி வைத்துவிடுவார்களே!

"உண்மையைச் சொல்லிட்டுப் போங்களேன்" என்றார் நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவி.

"உண்மையை எழுதித்தானேடி மாட்டிக்கிட்டேன்!"

அன்று மாலையே இரண்டு தாளில் நல்ல நல்ல பதில்களாக எழுதினார். மனைவிக்கு ஒன்று, பதினைந்து வயது மகனுக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே பதில். யோசிக்க அவகாசமில்லை.

"இது பொய் இல்லையாப்பா?" என்றான் மகன்.

"பொய் இல்லடா. ஒத்திகை."

வெள்ளிக்கிழமை ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றினார். தடயமே இருக்கக் கூடாது.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு நர்ஸம்மா வந்தார். கூடவே இன்னொரு தொண்டர், பஸ் டிரைவர். அவர் வணக்கம்கூடத் தலையசைப்பிலேயே சொல்லிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று நர்ஸம்மா சும்மாதான் கேட்டார்.

"எங்க வீட்ல யாரும் சத்தமே போட மாட்டோம்" என்று தாயும் மகனும் ஒரே குரலில் சொன்னார்கள்.

டிரைவர் ஏதோ குறித்துக்கொண்டார். நர்ஸம்மா மகன் பக்கம் திரும்பினார்.

"சாப்பிட்டியா தம்பி?"

இந்தக் கேள்வி தாளில் இல்லை. பையன் விழித்தான். "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்."

டிரைவர் மறுபடி எழுதினார். கை கழுவப் போன நர்ஸம்மா முகம் மாறித் திரும்பி வந்தார்.

"சார், குளியலறையில தாழ்ப்பாளைக் கழட்டியிருக்கீங்களே, ஏன்?"

"அது... யாரும் உள்ள போய்ப் பூட்டிக்கக் கூடாதுன்னு..."

"யாரு பூட்டிக்கிறாங்க?"

வாய் முந்திக்கொண்டது. "பையன்தான்."

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ எழுதிக் குடுத்ததுல இது இல்லையேப்பா" என்று சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தான்.

நர்ஸம்மா அதை வாங்கிப் படித்தார். கைப்பையிலிருந்து பழைய படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டையும் ஒரே ஆளா சார் எழுதினது?"

கண்ணாடிக்கடைக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அவன் இல்லம்மா. நான்தான் பூட்டிக்குவேன். முதல்ல எழுதினதுதான் நிஜம். மன்னிச்சுக்கோடா" என்று மகன் கையைப் பிடித்தார். பிறகு ஈனஸ்வரத்தில் கேட்டார். "என்னைத் தொண்டரா சேர்த்துக்க மாட்டீங்கல்ல?"

வந்ததிலிருந்து வாயைத் திறக்காத பஸ் டிரைவர் பேனாவை மூடினார்.

"நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, 'நல்ல வீடுன்னா இப்படித்தான் இருக்கும்'னு மத்த பெத்தவங்களைக் கூட்டிவந்து காட்டலாமான்னு கேக்கத்தான் சார் வந்தோம். இப்போ, அந்தப் படிவம் நீலத் தட்டுலயே இருக்கட்டும்."