சம்மந்தி சொன்ன காற்று மெஷின்

கற்பிட்டி,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

பெருமதிப்புக்குரிய சம்மந்தி அல்ஹாஜ் ஹிஸ்புல்லா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் கமீலாவும், எங்கள் மகள் ரிஃப்காவும், உங்கள் மகன் மிஹ்லாரும், நம் இரு பகுதிக்கும் பொதுவான பேத்தி ஷம்லாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். தெஹிவளையில் தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்கவும், மாடிப்படி ஏறும் தங்கள் முழங்காலுக்கு ஆறுதல் கிடைக்கவும் துஆச் செய்கிறோம். தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். தொலைபேசியில் நான் தொடங்கினால் பாதியில் நீங்கள் தொடங்கிவிடுகிறீர்கள். ஓய்வுபெற்ற உப தபாலதிபர் என்ற முறையில் சொல்கிறேன், கடிதத்தில் அப்படிச் செய்ய வழியில்லை.

பெருநாளுக்கு வந்திருந்தபோது, ஷம்லாவுக்கு இரவில் இழுப்பு வருவதைப் பார்த்துவிட்டுத் தாங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகமிருக்கிறது. "சம்மந்தி, இந்த வீட்டுக் காத்து சரியில்ல. கருவாடு, மண், நுளம்பு கடிக்காம இருக்கக் கொளுத்துற திரி எல்லாம் புள்ளைட நெஞ்சுக்குள்ள போகுது. வீடு முழுசுக்கும் காத்தச் சுத்தமாக்குற மெஷின் ஒண்டு பூட்டுங்க. ஏலாட்டி தாயையும் புள்ளையையும் எங்கட வீட்டுக்கு அனுப்புங்க" என்றீர்கள். நான் ஓம் என்றேன். ஆனால் பென்சன் எடுத்த நாளிலிருந்து எனக்கு இருக்கும் ஒரே உத்தியோகம் காலையில் ஷம்லாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் போட் வருவதைக் காட்டுவது. அவள் கொழும்புக்குப் போனால் நான் யாருக்குப் போட் காட்டுவது? ஆகவே அந்த மெஷினை எப்படியாவது பூட்டிவிடுவது என்று தீர்மானித்து, மிஹ்லாரையும் கூட்டிக்கொண்டு புத்தளத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

அங்கே கழுத்துப் பட்டி கட்டிய நிக்கொலஸ் என்பவர் எங்களைக் கதிரையில் இருத்தி, மெஷின் வகைகளை விளக்கினார். ஒன்று வடிகட்டி வைத்தது. காற்றை உறிஞ்சி, தூசியைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே விடும். இன்னொன்று ஒருவித வாயுவை விட்டு வீட்டுக்கு மழை பெய்த மணத்தைக் கொடுக்கும், ஆனால் நெஞ்சு நோய்க்காரருக்குக் கூடாது என்று அதன் பெட்டியிலேயே சின்ன எழுத்தில் இருந்ததை நான் கண்ணாடி போட்டு வாசித்தேன். மூன்றாவதுதான் தாங்கள் சொன்ன, வீடு முழுவதற்குமான பெரிய மெஷின். அதைக் கண்டதும் இதுதான் என்றேன். "சரி சேர், வீட்டுல காத்துக் குழாய் எப்படிப் போகுது?" என்று கேட்டார். குழாயில் தண்ணீர்தான் போகிறது என்றேன். அவர் சிரிக்காமல், "கதவு யன்னல் எல்லாம் மூடித்தானே இருக்கும்?" என்றார். மிஹ்லார் என்னைப் பார்த்தார். நாங்கள் பகலில் கதவை மூடினால், வீட்டை விட்டு எங்கேயோ போய்விட்டோம் என்று பக்கத்து வீட்டு அல்பிரட் எங்கள் கோழிகளைத் தன் கூட்டில் அடைத்துவிடுவார் என்பதை அந்த மனிதருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? வந்து பார்த்தால்தான் சொல்லலாம் என்று நிக்கொலஸ் சொல்லிவிட்டார்.

வந்தார். வந்து மேலே பார்த்தார். ஓட்டுக்கு இடையால் வானம் தெரிந்தது. "சீலிங் இல்லையா சேர்?" என்றார். அடிக்கத்தான் இருக்கிறது என்றேன். பிறகு கதவுக்கும் யன்னலுக்கும் மேலே காற்று வர விட்டிருக்கும் துவாரங்களைப் பார்த்தார். இவ்வளவையும் அடைத்துச் சீலிங்கும் அடித்தால்தான் பெரிய மெஷின் பூட்டுவதில் பிரயோசனம் இருக்கும், இல்லாவிட்டால் கற்பிட்டிக் கடற்கரை முழுவதையும் சுத்தம் செய்கிற வேலையாகிவிடும் என்றார். அடைத்துவிடலாம் என்று நான் சொன்னபோது கமீலா குசினியிலிருந்து வந்தாள். "சண்டையில மன்னாரால வந்து முகாமுல ஓலைக் கொட்டிலுக்குள்ள கிடந்தம். அப்ப சாமான் ஒண்டும் இல்லாட்டியும் காத்து வந்திச்சு. கல்லு வீடு கட்டிப்போட்டு இப்ப காத்த நிப்பாட்டப் போறியளா?" என்று கேட்டாள். நிக்கொலஸ் நல்ல மனிதர். ஒரு சிறிய மெஷினைச் சில நாட்களுக்கு இரவல் தருவதாகவும், துவாரங்களைப் பொலித்தீனால் ஒட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கும்படியும் சொல்லி எங்கள் குடும்பத்தில் சமாதானம் செய்துவைத்தார்.

சம்மந்தி, தாங்கள் கொழும்பில் இருப்பதால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் எங்கள் சோழகக் காற்றைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. கடலில் பட்டம் பிடித்துச் சறுக்குவதற்காக வெள்ளைக்காரர் விமானமேறி வருவது இந்தக் காற்றுக்காகத்தான். நானும் மிஹ்லாரும் ஏணி வைத்து ஒட்டிய பொலித்தீன் எல்லாம் பகலுக்கிடையில் பாய்மரம் மாதிரி உப்பி, ஒவ்வொன்றாக வெடித்தது. முதலாவது வெடித்தபோது கமீலா கலிமா சொல்லிக்கொண்டு பிள்ளையைத் தூக்கி முற்றத்துக்கு ஓடினாள். மன்னாரில் கேட்ட வெடிச்சத்தத்தின் பழைய ஞாபகம். கிழிந்த பொலித்தீனைக் கழற்றிவிட்டுத் துவாரங்களுக்குப் பலகை அடித்தேன். உள்ளே பாண் சுடும் போறணை மாதிரி வெக்கை. ஆனாலும் மெஷின் வேலை செய்தது. காற்று நல்லதென்றால் நீல வெளிச்சம், கூடாதென்றால் சிவப்பு வெளிச்சமும் இரைச்சலும். கமீலா கறி தாளித்தால் சிவப்பு. நான் நுளம்புத்திரி கொளுத்தினால் சிவப்பு. ஒருநாள் அல்பிரட் வழக்கம்போல மீன் கொண்டுவந்து வாசலில் நின்றார். அவர் வன்னியிலிருந்து யுத்த காலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர், கருவாடு போடுகிறவர், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர், தங்கமான மனிதர். அவர் காலை உள்ளே வைத்ததும் மெஷின் சிவந்து இரைந்தது. "இது என்னைக் கண்டோ நானா சத்தம் போடுது?" என்றார். இல்லை என்றேன். வீட்டுக்குப் போய்க் குளித்து, பூசைக்குப் போகும் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அப்போதும் சிவப்பு. "ஓம் நானா, என்னைத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. மீனும் வரவில்லை. அந்தச் சில நாட்களும் நாங்கள் பருப்புத்தான் சாப்பிட்டோம்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவதென்று ஜும்ஆ முடிந்து வந்ததிலிருந்து யோசிக்கிறேன். இவ்வளவு செய்தும் பிள்ளையின் இழுப்பு குறையவில்லை, கூடியது. வீட்டில் புகை ஏதும் உண்டா என்று டொக்டர் கேட்டதற்கு, "இல்ல டொக்டர், உம்மா கேஸ்லதான் சமைக்கிறா" என்றாள் ரிஃப்கா. அதனால் மெஷினைப் பிள்ளையின் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். அன்று மஃரிப் தொழுகைக்குச் சற்று முன், வழக்கமாக நான் பள்ளிவாசலுக்குப் போய்விடும் நேரத்தில், அந்த அறையிலிருந்து மெஷின் இதுவரை போடாத சத்தமொன்றைப் போட்டது. அல்பிரட்டைக் கண்டு போட்ட சத்தம் அதற்கு ஸலாம் சொல்வது மாதிரித்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், ரிஃப்கா தொட்டிலடியில் நின்று, தாங்கள் மக்காவிலிருந்து கொண்டுவந்து பிள்ளைக்கென்று தந்த அந்தப் பித்தளைத் தட்டில் நெருப்புக்கரி வைத்து, வாசனைத் தூள் போட்டுப் பிள்ளைக்குப் புகை பிடித்துக்கொண்டிருக்கிறாள். "மாமா காலையிலயும் மஃரிபுக்கும் பிடிக்கச் சொன்னாரு வாப்பா, நான் ஒருநாளும் விடல்ல" என்றாள். இது புகைதானே மகள் என்றேன். "இது பரக்கத்து வாப்பா" என்றாள். மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

சம்மந்தி, தாங்கள் அன்பால் கொடுத்தது. நாங்களும் அன்பால்தான் பிடித்தோம். அதை நிறுத்திப் பலகைகளைக் கழற்றிய பிறகு பிள்ளை நன்றாக நித்திரை கொள்கிறது. டொக்டரும் நெஞ்சு தெளிவு என்றார். தட்டை அலுமாரிக்குள் பவுத்திரமாக வைத்திருக்கிறோம். நுளம்புத்திரிக்குப் பதிலாக வலை கட்டியாயிற்று. மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அல்பிரட்டின் வீட்டுக்கு நானே போய், அது உங்களை மட்டுமல்ல, ஒரு ஹாஜியாரையே ஏசிய மெஷின் என்று சொல்லிக் கூட்டிவந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள், வேறு வழியிருக்கவில்லை. ஆகவே பெரிய மெஷின் தேவையில்லை, கொழும்புக்கு அனுப்பவும் தேவையில்லை. பிள்ளை இந்த வீட்டிலேயே, இந்தக் காற்றிலேயே வளரட்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டில் பரக்கத்தும், தங்கள் கோபத்தில் குறைவும் உண்டாக நாயன் அருள் புரிவானாக. கமீலாவின் ஸலாத்தைச் சம்மந்தியம்மாவுக்குச் சேர்ப்பிக்கவும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்மந்தி
ம. மர்ஸூக்

பி.கு.: கவர் ஒட்டப்போன நேரம் ரிஃப்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். என்ன எழுதுகிறீர்கள் என்று வாங்கி நின்றபடியே வாசித்தாள். பிறகு உட்கார்ந்தாள். "வாப்பா, இத அனுப்ப முன்னுக்கு ஒரு கதை சொல்லணும்" என்றாள். மிஹ்லார் வேலை செய்யும் இறால் பண்ணைக்குப் பக்கத்தில், மதுரங்குளியில், அவர்கள் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறார்களாம். தாங்கள் பெருநாளுக்கு வருவதற்கு முன்பே பேசி முடித்துவிட்டார்களாம். அடுத்த மாதம் போகிறார்கள். அப்படியென்றால் இந்த மெஷின், பலகை, ஏணி எல்லாம் எதற்கு என்று கேட்டேன். "நீங்களும் மாமாவும் மெஷினப் பத்திக் கதைச்சிட்டு இருந்தா எங்களப் பத்திக் கதைக்க மாட்டீங்க எண்டு அவருதான் சொன்னாரு" என்றாள். தங்கள் மகன் தங்கள் மகனேதான். வீடு பெரிய ரோட்டுக்கு ஓரம், லொறித் தூசி வருமே என்றேன். "யன்னல மூடுவம் வாப்பா" என்றாள். நாம் இருவரும் எப்போதும் வரலாமாம், ஆனால் வருவதற்கு முதல் சொல்லிவிட்டு வரவேண்டுமாம்.

சம்மந்தி, மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, தயவுசெய்து வாசிக்காதது போல வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் குடிபோன முதல் ஞாயிறு தாங்கள் கொழும்பிலிருந்து பஸ் ஏறுங்கள், நான் இங்கிருந்து வந்து மதுரங்குளிச் சந்தியில் நிற்கிறேன். சொல்லாமல் போவோம்.